ஆணிகள் குடியிருந்த அறை

அந்த ஆணிக் கம்பெனித் தெருவில் காக்காய் கரையாது. வாயைத் திறக்கும், கழுத்தை நீட்டும், அப்புறம் மூடிக்கொண்டு பறந்துவிடும். கரைந்தும் பிரயோஜனமில்லை என்று அதற்குத் தெரிந்துபோயிருந்தது. நாய்கள் குரைப்பதை விட்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. புது ஆள் வந்தால் எழுந்து நின்று தலையை மட்டும் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். கடமையும் முடிந்தது, தொண்டையும் மிச்சம்.

கம்பெனிக்குள் இருபத்திரண்டு மெஷின்கள். கம்பிச் சுருள் ஒரு பக்கம் நுழையும், மறுபக்கம் ஆணியாக விழும். இடையில் ஒவ்வோர் ஆணிக்கும் தலையில் ஒரு குட்டு. நிமிஷத்துக்கு முந்நூறு குட்டு, மூன்று ஷிப்டு, ஓய்வு ஒழிச்சல் கிடையாது. தொழிலாளர் வீடுகள் கம்பெனிச் சுவரிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு வரிசையாக நின்றன. அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. எல்லாம் கைப்பேச்சு. புருஷன் பெண்டாட்டி சண்டைகூடக் கையால்தான் நடக்கும். பெண்டாட்டி இரண்டு கையிலும் குடம் சுமந்து வருகிற நேரம் பார்த்துச் சண்டையை ஆரம்பிக்கிற புருஷன்தான் அந்தத் தெருவில் சாமர்த்தியசாலி. அவள் குடத்தை இறக்கி வைக்கிற வரைக்கும் அவன் கட்சிதான் ஜெயிக்கும். இறக்கி வைத்த பிறகு நடந்ததைச் சொல்வது நாகரிகமில்லை.

கரண்டு போனால் தொட்டில் பிள்ளைகள் திடுக்கிட்டு விழித்து வீறிடும். கரண்டு வந்து மெஷின் ஓட ஆரம்பித்தால்தான் கண்ணயரும். இதை அந்தத் தெருக்காரர்கள் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள்: "எங்க பிள்ளைங்களுக்குத் தாலாட்டே வேணாம், கம்பெனியே பாடிடும்."

முதலாளி மட்டும் அறுபது மைல் தள்ளிக் குடியிருந்தார். சத்தம் அவருக்கு ஆகாதாம், ரத்தக் கொதிப்பு ஏறுமாம்.

தொட்டிலக்கா இந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் ஏழாம் நம்பர் மெஷினில் நின்றவள். இடது காதை அந்த மெஷினுக்கே கொடுத்துவிட்டு, வலது காதில் பாதியோடு வெளியே வந்தாள். காது போனவளை எங்கே போடுவது என்று யோசித்துப் பிள்ளை காப்பகத்தில் போட்டார்கள். பிள்ளைகள் அழுகிற சத்தம் அவளைத் தொந்தரவு செய்யாது என்பது நிர்வாகத்தின் கணக்கு. ஆனால் அக்கா கண்ணாலேயே கேட்பாள். எந்தப் பிள்ளைக்கு வயிறு வலி, எதற்கு வெறும் பிடிவாதம் என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஒரு தடவை தூங்குகிற பிள்ளையின் கால் கட்டைவிரலைப் பார்த்து, நாளைக்குக் காய்ச்சல் வரும் என்றாள். வந்தது. பிள்ளைக்கு மட்டுமில்லை, பக்கத்தில் நின்று சிரித்த டைம்கீப்பருக்கும்.

காப்பகம் மாடியில் இருந்தது. மரப்பலகைத் தளம் போட்ட நீள அறை. அதன் ஒரு முனை முதல் நாலு மெஷின்களுக்கு நேர் மேலே. மறுமுனை போய் முட்டுகிற சுவருக்கு அப்பால் ஆணி குடோன். அறையில் ஏழு பாய், ஏழு பிள்ளைகள். கூப்பிட வேண்டுமானால் அக்கா குதிகாலால் பலகையில் மிதிப்பாள். ஒரு மிதி என்றால் 'இங்கே பார்'. இரண்டு மிதித்தால் சாப்பாடு. மூன்று மிதித்தால் 'அம்மா வந்தாச்சு'. பிள்ளைகள் டக்கென்று திரும்பும். வீட்டிலும் தாய்மார்கள் இதே மாதிரிதான் மிதித்துக் கூப்பிடுவார்கள். அந்தத் தெருவில் செருப்பு தேய்கிற வேகத்துக்கு நாக்கு தேய்வதில்லை.

முதல் பாயில், மெஷினுக்கு நேர் மேலே, குண்டூசி. அதுதான் அவளுக்கு எல்லாரும் வைத்த பெயர். வயது மூன்று முடிந்துவிட்டது, உடம்பு இரண்டு வயதுக்குக்கூடக் காணாது, வாயில் ஒரு வார்த்தை கிடையாது. அவள் அம்மா கம்பி இழுக்கிற பிரிவில் வேலை பார்க்கிறவள். ஆரம்பத்தில் அவள் கவலைப்படவில்லை. "இவ அப்பன் அஞ்சு வயசுலதான் பேசினானாம். அதுவே அவசரப்பட்டுட்டான்னுதான் எனக்குத் தோணுது" என்று கையாலேயே சொல்லிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அன்றைக்கு நின்றது. டாக்டர் குண்டூசிக்குப் பின்னால் நின்று கை தட்டினார். அவள் திரும்பவில்லை. மணி அடித்தார். திரும்பவில்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பெற்ற மகள் சபையில் மானத்தை வாங்குகிறாளே என்று, பழக்க தோஷத்தில் குதிகாலால் ஒரு மிதி மிதித்தாள். அதுவும் பழைய கட்டடம், மரத்தளம். குண்டூசி சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தாள். டாக்டருக்கு மகா திருப்தி. 'செவி நன்று' என்று எழுதினார். செவி நன்றாக இருந்தும் பேச்சு வரவில்லை என்றால் கோளாறு வேறெங்கே இருக்க முடியும்? அடுத்த வரியில் 'புத்தி மந்தம்' என்று எழுதினார். இரண்டு மாதம் கழித்துப் பெரிய டாக்டர்கள் கூடி உட்கார்ந்து பார்ப்பார்களாம். அவர்களும் அதையே சொன்னால் குழந்தையைத் தொலைவில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

அம்மா அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் போட்டுவிட்டு வாயைத் திறந்து அழுதாள். சத்தம் கேட்கவில்லை என்பதால் அழுகை குறைந்தா போய்விடும்?

"மந்தமா இவ?" என்றாள் அக்கா. "நேத்து என் இடுப்புல இருந்த சாவியை எடுத்து மிட்டாய் டப்பாவைத் திறந்து, தின்னுட்டு, பூட்டி, சாவியைத் திரும்ப இடுப்புலயே சொருகிட்டா. மந்தமா இருக்கிறவ டப்பாவைத் திறந்து போட்டுட்டுல்ல போவா!"

சொன்னாளே தவிர, அக்காவுக்கு மனசு ஆறவில்லை. அந்த வாரமே ஒரு காரியம் நடந்தது. கீழேயிருந்து காலிச் சாக்குக் கட்டு ஒன்று மாடிக்கு வந்தது. குண்டூசி அதன்மேல் ஏறி உட்கார்ந்து, சாக்கு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரம். அக்கா இரண்டு மிதி மிதித்தாள். ஆறு பிள்ளைகள் திரும்பின. குண்டூசி திரும்பவில்லை. அக்கா மறுபடி மிதித்தாள். மூன்றாம் முறை மிதித்த மிதியில், கீழே நின்ற சூப்பர்வைசர் தலையில் அரைப்படி தூசி கொட்டியது. குண்டூசி நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள்.

அக்கா அவளைத் தூக்கிப் பலகையில் நிறுத்திவிட்டு, முதுகுப் பக்கம் போய் மெல்ல ஒரு மிதி மிதித்தாள். குழந்தை உடனே திரும்பியது.

அக்கா அவள் உள்ளங்காலைத் தூக்கிப் பார்த்தாள். இவள் காலாலல்லவா கேட்டுக்கொண்டிருக்கிறாள்! ஆஸ்பத்திரியிலும் கால்தான் கேட்டிருக்கிறது. அப்படியானால் காது?

அதைத் தெரிந்துகொள்ளச் சத்தமில்லாத இடம் ஒன்று வேண்டும். அந்தத் தெருவில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? ஒன்றே ஒன்று இருந்தது. ஆணி குடோன். தடித்த சுவர், இரட்டைக் கதவு, சுவரோரம் கூரைமுட்ட அடுக்கிய சாக்கு, நடுவில் ஆணிப் பெட்டிகள். ஆணிக்கு ஈரம் ஆகாது, துருப்பிடித்துவிடும் என்பதால், கம்பெனியிலேயே உருப்படியான அறையைப் பார்த்து ஆணிக்குக் கொடுத்திருந்தார்கள். நாற்பது வருஷமாக ஆணிகள் அங்கே சௌக்கியமாகத் தூங்கின.

மறுநாள் மத்தியானம் மற்ற ஆறு பேரும் தூங்கினதும், டைம்கீப்பரைக் கொஞ்ச நேரம் காவல் வைத்துவிட்டு, அக்கா குண்டூசியை இடுப்பில் வைத்துக்கொண்டு குடோனுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

முதலில் பயந்தவள் அக்காதான். சத்தம் போனதும், யாரோ காலுக்கடியிலிருந்து தரையை உருவினாற்போல இருந்தது. அவளுடைய இடது காதுக்குள் ஒரு சில்வண்டு இத்தனை வருஷமாகக் குடித்தனம் நடத்தியது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. குண்டூசியோ, தொட்டில் பிள்ளை கரண்டு போனதும் அலறுமே, அப்படி அலறினாள்.

அலறியவள் நடுவில் நிறுத்தினாள்.

கண்ணை அகல விரித்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். சாக்குக்குப் பின்னால் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். அப்புறம், சோதித்துப் பார்க்கிறவளைப்போல, சின்னதாக ஒரு கத்து கத்தினாள். நிறுத்தினாள். கேட்டாள். தன் வாயை விரலால் தொட்டுப் பார்த்தாள். மூன்று வருஷமாகத் தான் போட்ட சத்தம் தன்னுடையதுதான் என்று அந்தப் பிள்ளைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த அரைமணி நேரம் அவள் கத்திக் கத்திச் சிரித்தாள். அக்கா சாக்கு மூட்டையில் சாய்ந்து, வலது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணைத் துடைக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

காது இருக்கிறது. டாக்டர் எழுதியது சரிதான். சரிக்கு அவர் வந்த வழிதான் தப்பு. ஓயாத இரைச்சலில், சத்தம் என்பது கவனிக்க வேண்டிய பொருளே இல்லை என்று குழந்தை முடிவுகட்டிவிட்டது. கைதட்டல், மணி, மனுஷக் குரல் எல்லாமே அவளுக்கு இன்னொரு மெஷின்.

இவள் மட்டும்தானா என்று அக்காவுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. கரண்டி, டம்ளர், சட்டை, கதவு, காக்காய் என்று ஒவ்வொன்றாகக் காட்டி ஏழு பிள்ளைகளையும் ஒரு வாரம் கேட்டாள். எந்தப் பிள்ளை எத்தனை வார்த்தை சொல்கிறதோ அத்தனை கோடு, அதன் பாய்க்கு நேரே சுவரில் சாக்கட்டியால் போட்டாள். வாரக் கடைசியில் தள்ளி நின்று பார்த்தாள். முதல் பாய்க்கு ஒரு கோடும் இல்லை. இரண்டாம் பாய்க்கு ஒன்பது. அப்படியே படிப்படியாக ஏறிக்கொண்டே போய், குடோன் சுவரோரம் கடைசிப் பாயில் படுக்கிற 'வாத்தியார்' பயலுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் பதினொன்று கெட்ட வார்த்தை. அதையும் அக்கா விடாமல் கோடு போட்டிருந்தாள், கணக்கு கணக்குதான் என்று.

அன்றைக்கு சூப்பர்வைசர் மாடியேறி வந்தான். ஒல்லி, உயரம், தலை மட்டும் அகலம், ஆணியைப் போல. கம்பெனி முழுக்க அவனுக்கு நாலிஞ்சு என்று பெயர். யாரோடும் ஒட்டமாட்டான். ஒரு நாளைக்கு ஆறு வார்த்தைக்கு மேல் அவன் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. திமிர் என்றார்கள்.

அக்காவின் வலது காதோரம் குனிந்து கத்தினான்: "அக்கா, குடோன்ல பிள்ளையைக் கொண்டுபோறீங்களாமே. கூடாது."

"கூடாதுதான் தம்பி. ஒரு பிள்ளையை மட்டும் கொண்டுபோறது கூடாது. ஏழையும் கொண்டுபோகணும். ஆணியை இங்க தூக்கிட்டு வாங்க, பிள்ளைங்களை அங்க விடுங்க."

"ஆணி துருப்பிடிச்சிடும்!"

"பிள்ளை துருப்பிடிக்காதா?"

"பிள்ளை எப்படி..."

"பிடிச்சிருக்கு. வா, வந்து பாரு." மரியாதை போனதைக் கவனிக்காமல் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரைக் காட்டினாள். அவன் கோடுகளைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நம்பிக்கை இல்லையா? ஒரு கதை சொல்லு. முதல் மூணு பாய்ல ஒரு பிள்ளை அந்தக் கதையைத் திருப்பிச் சொன்னாலும் நான் வாயை மூடிக்கறேன்."

நாலிஞ்சு திருதிருவென்று விழித்தான். வாழ்நாளில் அவன் யாருக்கும் கதை சொன்னதில்லை. ஆனாலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, யானை கிணற்றில் விழுந்த கதையைத் தொண்டை நரம்பு புடைக்கச் சொன்னான். தும்பிக்கைக்குக் கையை நீட்டினான், கிணற்றுக்கு வளைத்தான், யானை பிளிறியதற்கு வாயைப் பிளந்தான். முடித்தபோது வேர்த்து வழிந்தது.

கடைசிப் பாய் வாத்தியார் எழுந்து, யானை கிணற்றில் விழுந்ததைச் சொல்லி, தன் பங்குக்கு முதலையையும் சேர்த்துத் தள்ளிவிட்டான். மூன்றாம் பாய்ப் பிள்ளை சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. இரண்டாம் பாய்ப் பிள்ளை கையால் விளக்கிய கதை இது: இந்த மாமா தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது, பாவம், தண்ணீர் கொடுங்கள்.

குண்டூசி கதையைத் தொடவே இல்லை. எழுந்துபோய், அவன் தொண்டைக்குழியில் உள்ளங்கையை வைத்தாள், எந்த மெஷின் இங்கே ஓடுகிறது என்று பார்க்கிறவளைப்போல.

நாலிஞ்சு அந்தக் கையை விலக்கவில்லை. அப்படியே அக்கா பக்கம் திரும்பினான். இந்தத் தடவை கத்தவில்லை, உதட்டை மட்டும் அசைத்தான். அக்காவுக்கு அது போதும்.

"இந்த முதல் பாய்ல நானும் படுத்திருக்கேன், அக்கா. ஆறு வயசு வரைக்கும் பேச்சு வரல. ஸ்கூல்ல களிமண்ணுன்னு சொல்லி மூலையில உட்கார வச்சாங்க. நானும் நம்பிட்டேன். பேச வேண்டியதில்லாத வேலையாப் பார்த்து இங்கயே வந்தேன்."

அக்கா அவன் தலையிலிருந்த பழைய தூசியைத் தட்டிவிட்டாள். "களிமண்ணா இருந்தா இத்தனை வருஷம் இதை மறைச்சு வச்சிருக்க முடியுமா தம்பி? கெட்டிக்காரன்தான். எந்திரி, வேலை கிடக்கு."

முதலாளியைக் கேட்டால் காலம் போகும். நாலிஞ்சு கேட்கவில்லை. மறுநாள் இரண்டு ஷிப்டு மாறுகிற அரைமணி நேரத்தில், உள்ளே வருகிறவர்களும் வெளியே போகிறவர்களும் வரிசையாக நின்று ஆயிரத்து இருநூறு ஆணிப் பெட்டிகளைக் கைமாற்றி மாடிக்கு ஏற்றினார்கள். குண்டூசியின் அம்மா ஒரே நடையில் நாலு பெட்டி சுமந்தாள். ஆறு என்றும் சொல்கிறார்கள். ஏழு பாய்களும் குடோனுக்கு இறங்கின. ஆணிகள் மாடியில் துருப்பிடிக்கவும் இல்லை. மெஷின் எண்ணெய்ப் புகை பலகை இடுக்கு வழியாக மேலே ஏறி, ஒவ்வோர் ஆணிக்கும் மெருகு பூசிவிட்டது. நாற்பது வருஷமாக அந்தப் புகை யாருடைய நெஞ்சில் மெருகு பூசிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஒரு வாரத்தில் பிள்ளைகளின் இருமல் பாதியாகக் குறைந்தது.

முதலாளி வருஷாந்திரப் பார்வைக்குக் காதில் பஞ்சோடு வந்தபோது, குடோன் ஏன் மாடிக்குப் போயிற்று என்று கேட்டார். நாலிஞ்சு கைப்பேச்சில் விவரமாகப் பதில் சொன்னான். முதலாளிக்குக் கைப்பேச்சு தெரியாது. தெரியாது என்று சொல்லவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

புது அறையில் அக்காவுக்குப் பெரிய தொல்லை தாய்மார்கள்தான். மெஷினிலிருந்து நேராக வந்து, அதே தொண்டையில், "என் தங்கமே!" என்று முழங்குவார்கள். பிள்ளைகள் தூக்கிவாரிப்போட்டு எழும். "மெதுவா, மெதுவா" என்று அக்கா ஒருநாளைக்கு நூறு தடவை சொல்லுவாள். மற்ற நேரமெல்லாம் அவளுக்குப் பேச்சுதான் வேலை. கஞ்சி ஆற்றினால் ஆற்றுவதைச் சொல்வாள், சட்டை மாட்டினால் பித்தான் பித்தானாகச் சொல்வாள். பத்தொன்பது வருஷம் மெஷினில் சேர்த்துவைத்த பேச்சை வட்டியோடு செலவழித்தாள். தான் சொல்வது தனக்கே பாதிதான் கேட்கும் என்பதால், பிள்ளைகள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அளவு வைத்துக்கொண்டாள்.

குண்டூசி கேட்டாள். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, மழைக்குப் பானை வைத்தாற்போல, சொட்டு விடாமல் கேட்டாள். வாய் மட்டும் திறக்கவில்லை. ஆறு வாரம் ஓடிவிட்டது.

பெரிய டாக்டர்கள் உட்கார்ந்த நாளில் அக்காவும் கூடப் போனாள். அதே மரத்தள மாடி. வாசலிலேயே அம்மாவின் செருப்பைக் கழற்றச் சொன்னாள். "உள்ள போனதும் நாற்காலியில ரெண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டு உட்காரு. உயிரே போனாலும் காலைக் கீழ வைக்காத. போன தடவை உன் கால்தான்டி உன் பிள்ளைக்கு மந்தம்னு பேர் வாங்கிக் கொடுத்துச்சு."

மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த தடித்த பெரியவர் காகிதத்தைப் புரட்டினார். "ஆணிக் கம்பெனிப் பிள்ளையா?" என்று கேட்டுக்கொண்டார். ஆணிக் கம்பெனி ஆட்கள் என்றால் காது மட்டு என்பது ஊருக்கே தெரியும். குழந்தைக்குப் பின்னால் போய், மூச்சை இழுத்து, ஜன்னல் கண்ணாடி அதிர, "பாப்பா!" என்று ஒரு போடு போட்டார்.

குண்டூசி காதைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அக்கா தாய்மார்களைப் பார்க்கிற அதே பார்வை.

"மெதுவா," என்றாள்.

"என்ன சொன்னே?" என்று டாக்டர் குனிந்து, குரலைப் பாதியாகக் குறைத்துக் கேட்டார்.

"மெதுவா பேசு."

பெரியவர் நிமிர்ந்து மற்ற இருவரையும் பார்த்தார். உட்கார்ந்து, பழைய காகிதத்தில் இரண்டாம் வரியை அடித்தார். பிறகு அக்காவைப் பார்த்து, "எந்த வைத்தியம் பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"ஆணியை இடம் மாத்தினோம் டாக்டர்," என்றாள் அக்கா.

இதற்குமேல் குண்டூசி மறுநாளே மேடையேறிப் பிரசங்கம் செய்தாள் என்று சொன்னால் அதை நம்ப வேண்டியதில்லை. போன மூன்று வருஷத்தை ஈடுகட்ட அவளுக்கு இன்னும் நாலு வருஷம் பிடித்தது. சில சத்தங்கள் அவள் நாக்குக்குக் கடைசிவரை மசியவில்லை. அக்காவின் இடது காதும் திரும்பவில்லை. அந்தச் சில்வண்டு இன்னும் வாடகை கொடுக்காமல்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். 'மெதுவா பேசு' என்ற இரண்டு வார்த்தையைக் கேட்ட அம்மா, போட்ட சம்மணம் மறந்து, நாற்காலியிலிருந்து குதித்து, தளம் கிடுகிடுக்க மிதி மிதியென்று மிதித்தாள். மேஜை மேலிருந்த மைக்கூடு ஆடியது. மூன்று டாக்டர்களும் அவள் பக்கம் திரும்பினார்கள். வாசலில் நின்ற பியூன் எட்டிப் பார்த்தான்.

குண்டூசி மட்டும் திரும்பவில்லை. பெரிய டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்திருந்தார். அவள் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.